ஓவர்டிராஃப்டை அடைக்க எத்தனை கணக்கு வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: சம்பளம் வந்த அன்றே பாதிக்கு மேல் ஓவர்டிராஃப்டுக்கு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கி எடுக்கவிட்ட கடனுக்கு, போய்விடுகிறது, மாதக் கடைசியில் மறுபடி அதே மைனஸ். மூன்று நான்கு கணக்கு தொடங்கி வாடகைக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் இது அடைபடுமா? சம்பளத்தையே வேறு வங்கிக்கு மாற்றிவிடலாமா? கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது, அதைத் தொடலாமா?

அடைபடும். ஆனால் கணக்கைப் பிரித்ததாலேயே கடனில் ஒரு காசு குறையாது, தப்பாகப் பிரித்தால் வட்டி கூடத்தான் செய்யும். சம்பளத்தை உடனே மாற்றுவதை நான் சொல்ல மாட்டேன், சில சந்தர்ப்பம் தவிர. சேமிப்பில் பெரும்பகுதியை எடுத்துப் போடலாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் கடன் எவ்வளவு என்று சரியாகத் தெரிய வேண்டும். இதைக் கேட்டால் பலர் ஆப்பைத் திறந்து அன்றைக்கு என்ன பேலன்ஸ் காட்டுகிறதோ அதைச் சொல்வார்கள். சம்பளம் வந்து மூன்று நாள் கழித்துப் பார்த்தால் கடனே இல்லாதது மாதிரி இருக்கும், இருபத்தைந்தாம் தேதி பார்த்தால் தலை சுற்றும். ஓவர்டிராஃப்டை அளக்க ஒரே நாள்தான் சரியான நாள்: சம்பளம் வருவதற்கு முந்தைய நாள். அன்றைக்கு மைனஸ் 24,000 என்றால் உங்கள் கடன் 24,000. மறுநாள் சம்பளம் 40,000 விழுந்து பேலன்ஸ் பிளஸ் 16,000 ஆகிவிட்டாலும் கடன் அதே 24,000தான், அடுத்த மாதச் செலவுக்கான பணம் அதன் மேல் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. (எண்களை எந்த நாணயத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புரிவதற்காக எழுதுகிறேன்.)

இன்னொன்று, பல ஆப்களில் பெரிய எழுத்தில் காட்டுவது உங்கள் பணத்தை அல்ல. லிமிட் (வங்கி அனுமதித்த அதிகபட்ச மைனஸ்) 30,000, நீங்கள் மைனஸ் 24,000இல் இருக்கிறீர்கள் என்றால் 'எடுக்கக்கூடிய தொகை 6,000' என்று காட்டும். அதில் உங்கள் காசு ஒன்றுகூட இல்லை, முழுக்க இன்னும் வாங்கக்கூடிய கடன். கடையில் நின்று அவசரமாகப் பார்க்கிறபோது கண் அந்த 6,000இல்தான் போய் நிற்கும். ஆப்பில் இதை மாற்றும் வசதி இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், லிமிட் சேராத உண்மையான பேலன்ஸ் மட்டும் தெரிகிற மாதிரி.

சரி, இப்போது கடந்த ஆறு மாத ஸ்டேட்மென்டை எடுத்து, ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்கு முந்தைய நாள் பேலன்ஸை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வேறு எதையும் இப்போதைக்குப் பார்க்க வேண்டாம். மைனஸ் 23,500, 24,200, 23,900 என்று ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் நல்ல செய்தி. உங்கள் வரவும் செலவும் சமமாகத்தான் இருக்கிறது, எப்போதோ விழுந்த பழைய கடனைத்தான் மாதா மாதம் சுமந்துகொண்டு போகிறீர்கள். அதுவே 18,000, 19,500, 21,000, 22,500 என்று இறங்கிக்கொண்டே போனால் மாதத்துக்கு 1,500 வருமானத்துக்கு மேல் செலவாகிறது என்று அர்த்தம். இந்த இரண்டாவது வகைக்குக் கணக்குப் பிரிப்பது மருந்தாகாது. பத்துக் கணக்கு தொடங்கினாலும் அந்த 1,500 எங்காவது துண்டு விழும். முதலில் அதை நிறுத்த வேண்டும், அதற்கு மேல் திருப்பிக் கட்டும் தொகைக்கும் இடம் பண்ண வேண்டும். வாடகை, மின்சாரம், வீட்டையோ வண்டியையோ அடமானமாக வைத்த கடன் இவற்றிலேயே தவணை தவறுகிறது என்றால் ஓவர்டிராஃப்ட் வரிசையில் பின்னால் போகட்டும். அந்த நிலையில், கட்டணம் வாங்காமல் கடன் ஆலோசனை தரும் அமைப்பு உங்கள் பகுதியில் இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. அதை வைத்தே மேலே சொல்கிறேன்.

ஓவர்டிராஃப்ட் எதற்காக வந்தது என்று தெரிந்தால் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதும் புரியும். 1728இல் எடின்பரோவில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, வில்லியம் ஹாக் என்ற வியாபாரிக்கு அவர் கணக்கில் இருந்ததைவிட 1,000 பவுண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ள அனுமதித்ததைத்தான் முதல் ஓவர்டிராஃப்ட் என்று சொல்வார்கள். வரவேண்டிய பணம் வந்து சேரும் முன் கொடுக்க வேண்டியது முந்திக்கொள்ளும் இல்லையா, அந்தச் சில நாள் இடைவெளியைத் தாண்டத்தான் இது. அதனால் இதற்குத் தவணை கிடையாது, முடிவுத் தேதி கிடையாது, மாதம் இவ்வளவு அசல் கட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள். வசதி மாதிரிதான் தெரியும், சிக்கலும் அதுவேதான். வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ வாங்கினால் இஎம்ஐ தானாக அசலைக் குறைத்துக்கொண்டே போகும். இதில் நீங்களாகக் குறைத்தால்தான் உண்டு. கூடவே, பெரும்பாலான ஒப்பந்தங்களில் வங்கி எப்போது கேட்டாலும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், லிமிட்டைக் குறைக்கவோ ரத்து செய்யவோ அவர்களுக்கு உரிமை உண்டு. எப்போதும் 30,000 அங்கேயே இருக்கும் என்று நம்பிக் குடும்பம் நடத்துவது ஆபத்து.

இனி வட்டிக் கணக்கு. சம்பளத்தை மாற்றலாமா என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

ஓவர்டிராஃப்டுக்குப் பொதுவாக அன்றாட இருப்பின் மேல் வட்டி. ஒவ்வொரு நாளும் நாள் முடிவில் எவ்வளவு மைனஸ் என்று பார்த்து, ஆண்டு வட்டியை 365ஆல் வகுத்துப் போட்டு, மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக எடுப்பார்கள். ஆண்டுக்கு 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் இதே கணக்கில் விழுகிறது, பிளஸ் 16,000இல் தொடங்கி மாதம் முழுக்கச் சீராகச் செலவாகி மைனஸ் 24,000க்கு வருகிறது. முதல் பன்னிரண்டு நாள் பிளஸ்ஸில் இருக்கும், வட்டி இல்லை. மீதி பதினெட்டு நாள் சராசரியாக 12,000 மைனஸ். மாத வட்டி ஏறக்குறைய 107.

இப்போது சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றி, பழைய கணக்கை அப்படியே கடனாக நிறுத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். முப்பது நாளும் மைனஸ் 24,000. வட்டி 355. கடன் அதேதான், செலவும் அதேதான், இடத்தை மாற்றியதற்கு மாதம் 250 கூடுதல். 'ஓவர்டிராஃப்ட் கணக்கை ஓரம் கட்டு, புதுக் கணக்கில் புது வாழ்க்கை தொடங்கு' என்று அறிவுரை சொல்கிறவர்கள் இந்த 250ஐச் சொல்வதில்லை. இன்னொரு சிக்கலும் அதில் உண்டு: புதுக் கணக்கில் முழுச் சம்பளம் பளபளவென்று தெரியும், அதிலிருந்து 24,000 ஏற்கெனவே செலவாகிவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதம் வாடகை, பில் எல்லாம் அதிலிருந்து கொடுக்கலாம், சந்தோஷமாகத்தான் இருக்கும். அடைக்க வேண்டிய கடன் மட்டும் குறையாமல் அங்கேயே நிற்கும்.

ஆகவே என் யோசனை இதற்கு நேர் எதிர். சம்பளமும் பில்லும் பழைய கணக்கிலேயே இருக்கட்டும். வெளியே போக வேண்டியது உங்கள் கைச்செலவு மட்டும்.

அதாவது: ஓவர்டிராஃப்ட் இல்லாத ஒரு சாதாரணக் கணக்கை வேறு வங்கியில் தொடங்குங்கள். தொடங்கும்போதே ஓவர்டிராஃப்ட் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், சில இடங்களில் கேட்காமலே சேர்த்துத் தருவார்கள். இதுதான் உங்கள் செலவுக் கணக்கு. காய்கறி, பெட்ரோல், டீ, துணிமணி, பிள்ளைகளுக்கு வாங்குவது, நண்பர்களோடு வெளியே போவது, எல்லாம் இதன் கார்டில்தான். வாரத்துக்கு ஒரு முறை பழைய கணக்கிலிருந்து இதற்கு ஒரு நிலையான தொகை தானாக வந்து விழும்படி வைத்துவிடுங்கள். தீர்ந்துபோனால் கார்டு மறுக்கும். மறுக்கத்தான் வேண்டும். மிச்ச மூன்று வாரப் பணம் பழைய கணக்கில் கிடந்து அன்றாட வட்டியைக் குறைத்துக்கொண்டே இருக்கும், அதுவும் லாபம்.

ஏன் வாரம்? மாதத்துக்கு ஒரே தொகையாகப் போட்டால் பத்தாம் தேதிக்குள் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. வாரக் கணக்கில் தப்பு நடந்தால் நாலு நாள் கஷ்டம், அடுத்த வாரம் சரி. திங்கள்கிழமை பணம் விழும்படி வையுங்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் சனி ஞாயிறு காலியாகி வாரம் முழுக்கக் கையைப் பிசைய வேண்டியிருக்கும். திங்களன்று விழுந்தால் வார இறுதிக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் வெளியே கிளம்புவீர்கள்.

வாரத்தொகையைக் கணக்கிடுவதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மாதம் 17,000 செலவுக்கு ஒதுக்குகிறேன், நாலால் வகுத்தால் 4,250 என்று போடுவார்கள். வருடத்தில் 52 வாரம், 48 அல்ல. நாலு மாதங்களில் ஐந்து திங்கள்கிழமை வரும், அந்த ஐந்தாவது 4,250க்குப் பணம் இருக்காது. வருடத்துக்கு 17,000 துண்டு விழும், சரியாக ஒரு மாதச் செலவு முழுக்க. சரியான கணக்கு 17,000ஐப் பன்னிரண்டால் பெருக்கி 52ஆல் வகுப்பது: 3,923. 3,900 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு திங்கள் உள்ள மாதங்களில் கொஞ்சம் மிஞ்சும், அதைத் தொடாதீர்கள், ஐந்து திங்கள் வருகிற மாதத்துக்கு அது வேண்டும்.

பழைய கணக்கின் கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள். அது மட்டும் போதாது. போனில் இருக்கிற பணம் செலுத்தும் ஆப், ஷாப்பிங் தளம், டாக்ஸி ஆப், உணவு ஆப் என்று எங்கெல்லாம் அந்தக் கார்டு சேமித்து வைக்கப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் நீக்குங்கள். மாதச் சந்தாக்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாடகை, தவணை, காப்பீடு மாதிரி வங்கிக் கணக்கிலிருந்தே நேரடியாகப் போகும் ஆட்டோ டெபிட்டுகள் வங்கி ஆப்பின் பட்டியலில் வரும். கார்டு எண்ணைக் கொடுத்துப் போட்ட சந்தாக்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது, ஸ்டேட்மென்டை வரிவரியாகப் படித்தால்தான் அகப்படும். ஒரு வருட ஸ்டேட்மென்டைப் படியுங்கள். வருடத்துக்கு ஒரே ஒரு முறை வருகிற பிடித்தம் ஆறு மாத ஸ்டேட்மென்டில் இல்லாமல் போகலாம்.

இப்போது லிமிட். என்னைக் கேட்டால் இந்த மொத்த விஷயத்திலும் உண்மையான வேலையைச் செய்வது இதுதான், கணக்கு எண்ணிக்கை அல்ல. உங்கள் லிமிட் 30,000, நீங்கள் தொடுகிற அதிகபட்சம் 24,000. முதல் வேலையாக லிமிட்டை 26,000 ஆக்கச் சொல்லுங்கள், ஆப்பிலேயே முடியலாம், இல்லாவிட்டால் கிளையில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் மாதம் 2,000 என்று முடிவு செய்திருந்தால், ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த மறுநாள் லிமிட்டை 2,000 குறைக்க வேண்டும். 24,000, 22,000, 20,000. நீங்கள் எங்கும் பணம் 'கட்ட' வேண்டாம், அந்த மாதச் செலவிலிருந்து 2,000 குறைவாக எடுக்கிறீர்கள், அடுத்த சம்பளத்துக்கு முந்தைய நாள் மைனஸ் 22,000இல் நிற்கிறீர்கள், லிமிட் பின்னாலேயே வந்து கதவைச் சாத்துகிறது. பன்னிரண்டு மாதத்தில் முடியும்.

லிமிட்டைக் கடன் அளவுக்கு ஒட்டி வைக்காதீர்கள். வட்டி எடுக்கிற நாள், பில் தேதி ஒரு நாள் முன்னே பின்னே ஆகிற நாள் இதற்கெல்லாம் 1,500, 2,000 இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஆட்டோ டெபிட் திரும்பிப் போகும், வங்கி ஒரு அபராதம், பில் வாங்க வேண்டியவர் ஒரு அபராதம் என்று இரட்டை அடி. அனுமதித்த லிமிட்டைத் தாண்டினால் தனிக் கட்டணமோ கூடுதல் வட்டியோ போடும் வங்கிகளும் உண்டு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், குறைத்த லிமிட்டைத் திரும்பக் கேட்டால் தருவார்கள் என்று நிச்சயம் இல்லை. புதிதாக விண்ணப்பித்தது மாதிரி எல்லாம் பார்ப்பார்கள். அதனால் முதல் மாதமே வீரமாக 8,000 குறைக்க வேண்டாம்.

ஆக இதுவரை இரண்டு கணக்கு. மூன்றாவது ஒன்று வேண்டும், அதுவும் வேறு வங்கியில், ஆண்டுச் செலவுக்கு. இதை ஆண்டுக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். மாதக் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவர்கள்கூட ஓவர்டிராஃப்டில் விழுவது காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி ரிப்பேர், மூக்குக் கண்ணாடி, பல் வைத்தியம் இப்படிப்பட்டவற்றால்தான். இவற்றை 'எதிர்பாராத செலவு' என்று சொல்வது வழக்கம். பிரீமியம் எந்தத் தேதியில் எவ்வளவு என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது, இதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது?

வருடச் செலவு மொத்தம் 36,000 என்றால் மாதம் 3,000 என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். முதல் வருடம் அது சரிவராது. 15,000 பிரீமியம் இன்னும் மூன்று மாதத்தில் வருகிறது, நீங்கள் மூன்று மாதத்தில் சேர்த்தது 9,000 என்றால் 6,000க்கு மறுபடி ஓவர்டிராஃப்ட்தான். எனவே செலவுகளைத் தேதி வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மீதி எத்தனை மாதம் என்று பார்த்து வகுங்கள். அந்த 15,000க்கு இப்போது மாதம் 5,000 வேண்டும், கட்டி முடித்தபின் அடுத்த வருடத்துக்கு மாதம் 1,250 போதும். முதல் சில மாதம் கனமாகத்தான் இருக்கும், சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இதில் போட்டுத் தொடங்கலாம். பிரீமியத்தை மாதத் தவணையாகக் கட்டும் வசதி இருந்தால் அதில் எவ்வளவு கூடுதலாக வாங்குகிறார்கள் என்று கணக்குப் பார்த்து, ஓவர்டிராஃப்ட் வட்டியைவிடக் குறைவாக இருந்தால் அப்படியே செய்யுங்கள்.

கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் இங்கே மடக்குவார்: ஆண்டுக் கணக்கில் 4 சதவீத வட்டிக்குப் பணத்தைப் போட்டுவிட்டு, ஓவர்டிராஃப்டுக்கு 18 சதவீதம் கட்டுவது எந்த ஊர் நியாயம்? சரியான கேள்விதான். அந்தக் கணக்கில் சராசரியாக 10,000 கிடந்தால் வருடத்துக்கு 1,400 நஷ்டம். தெரிந்துதான் சொல்கிறேன். அந்தப் பணத்தைப் பழைய கணக்கிலேயே விட்டால், நீங்கள் லிமிட்டைக் குறைத்துக்கொண்டே வரும்போது எது கடன் அடைந்தது, எது பிரீமியத்துக்கு வைத்தது என்று பிரிக்க முடியாமல் கலந்துவிடும், பிரீமியம் வரும் மாதம் எடுக்க இடம் இருக்காது. ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதி, அதை வாரம் தவறாமல் பார்த்து, அதன்படியே நடக்கிற ஆளாக இருந்தால் மூன்றாவது கணக்கு வேண்டாம், 1,400 மிச்சம். நீங்கள் அப்படிப்பட்டவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பணம் எங்கே கிடந்தாலும் பணம்தானே, பெயர் ஒட்டினால் என்ன மாறிவிடும் என்றும் கேட்பார்கள். 2017இல் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர் ஆராய்ந்த விஷயங்களில் இதுவும் ஒன்று, மனிதர்கள் மனதுக்குள் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, ஒரே பணத்தை இது வாடகைப் பணம், இது போனஸ் பணம் என்று வேறு வேறாக நடத்துகிறார்கள் என்று காட்டினார். ஏட்டுப்படி அது அறிவுக்குப் பொருந்தாத பழக்கம். ஆனால் இருக்கிற பழக்கம், அதை நமக்குச் சாதகமாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

நான்காவது, ஐந்தாவது கணக்கு வேண்டாம். குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்காக இருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பணம் சும்மா முடங்கும், தவறினால் அபராதம். மளிகைக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று என்று பிரித்தவர்கள் இரண்டாம் மாதமே இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அப்புறம் எதற்குப் பிரித்தோம் என்றே மறந்துபோகும்.

சம்பளத்தை மாற்றியே ஆக வேண்டிய சந்தர்ப்பம் என்று மேலே சொன்னேன். பல நாடுகளில், ஒரே வங்கியில் உங்கள் பெயரில் ஒரு கணக்கில் கடனும் இன்னொன்றில் பணமும் இருந்தால், ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்டு அந்தப் பணத்தை எடுத்துக் கடனில் ஈடுகட்டிக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. செலவுக் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் வேறு வங்கியில் வைக்கச் சொன்னது இதனால்தான். ஒரே ஆப்புக்குள் குட்டிக் குட்டிப் பெட்டிகளாகப் பிரித்துக் காட்டும் வசதி அழகாக இருக்கும், ஆனால் ஓவர்டிராஃப்ட் இருக்கிற அதே வங்கியில் என்றால் அதுவும் இந்த உரிமைக்குள் வரலாம். சாதாரண நாளில் யாரும் கை வைக்க மாட்டார்கள். வங்கி ஓவர்டிராஃப்டைத் திரும்பக் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டது, லிமிட்டை ரத்து செய்யப் போகிறார்கள், அல்லது நீங்கள் ஏற்கெனவே அனுமதி இல்லாத மைனஸில் இருக்கிறீர்கள், சம்பளம் விழுந்தால் வாடகைக்குக்கூட மிஞ்சாது என்றால், அப்போது சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றுங்கள். வட்டி கூடினால் கூடட்டும், வீட்டு வாடகை முக்கியம். மாற்றிய கையோடு பழைய வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று ஒரு திட்டம் கேளுங்கள். மாதா மாதம் இவ்வளவு வரவு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்த ஓவர்டிராஃப்டாக இருந்தால் சொல்லாமல் சம்பளத்தை நிறுத்துவது அவர்களே ஃபைலைத் திறக்கக் காரணமாகிவிடும். சம்பளம் மாறும் மாதத்தில் பில்கள் எல்லாம் சேர்ந்து மாறாது, பழைய கணக்கில் ஒரு மாதத்துக்கான பில் பணத்தை விட்டு வையுங்கள்.

சேமிப்பு விஷயம் சுலபம். 4 சதவீதம் தருகிற பணத்தை வைத்துக்கொண்டு 18 சதவீதம் கட்டுவதில் அர்த்தமில்லை. ஒரு வண்டி ரிப்பேருக்கோ ஒரு மருத்துவச் செலவுக்கோ ஆகிற அளவு ஒதுக்கிவிட்டு மீதியைக் கடனில் போடுங்கள், போட்ட அன்றே அதே அளவு லிமிட்டைக் குறையுங்கள். லிமிட்டைக் குறைக்காமல் போட்டால் மூன்று மாதத்தில் மறுபடி பழைய இடத்தில் நிற்பீர்கள், சேமிப்பும் போயிருக்கும். ஃபிக்சட் டெபாசிட்டின் மேல் வாங்கிய ஓவர்டிராஃப்ட் என்றால் கணக்கு இன்னும் வெளிப்படை: அதன் வட்டி வழக்கமாக டெபாசிட் வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள், நீங்கள் உங்கள் பணத்தையே கடன் வாங்கி வித்தியாசத்தைக் கட்டுகிறீர்கள். சில வாரத்துக்கு என்றால் பரவாயில்லை. வருடக் கணக்கில் இழுக்கும் என்றால், முன்கூட்டி உடைக்கும் அபராதத்தைக் கழித்துப் பார்த்து டெபாசிட்டை முடித்துவிடலாம்.

தனிநபர் கடன் வாங்கி ஓவர்டிராஃப்டை ஒரேயடியாக அடைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வட்டி குறைவு, தவணை உங்களால் முடிகிறது, செயலாக்கக் கட்டணம் போட்டுப் பார்த்தும் லாபம் என்றால் செய்யலாம். ஆனால் கடன் பணம் விழுந்த நாளிலேயே லிமிட்டை ரத்து செய்ய வேண்டும், ஒரு வாரம் தள்ளிப்போட்டால்கூட வேண்டாம் என்பேன். கிரெடிட் கார்டுக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறிமுகக் காலத்தில் வட்டி இல்லை என்பார்கள், அந்தக் காலத்துக்குள் முடிப்பவர்களுக்கு லாபம்தான், முடிக்காதவர்களுக்கு அதற்குப்பின் வரும் வட்டி ஓவர்டிராஃப்டையே நல்லவனாக்கிவிடும்.

கணவன் மனைவி சேர்ந்த கணக்கில் ஓவர்டிராஃப்ட் என்றால் இருவரும் தனித்தனியாக முழுத் தொகைக்கும் பொறுப்பு, ஆளுக்குப் பாதி என்று வங்கி பார்க்காது. அந்த வீட்டில் செலவுக் கணக்கு இரண்டாக இருக்கட்டும், ஆளுக்கு ஒன்று, தொகையைச் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வருமானம் மாதா மாதம் ஒரே மாதிரி வராதவர்கள், கடந்த ஒரு வருடத்தில் மிகக் குறைந்த மாதம் எதுவோ அதைச் சம்பளமாக வைத்து வாரத்தொகையைப் போடுங்கள். கூட வருவது பழைய கணக்கிலேயே நிற்கட்டும்.

கடைசி மாதத்தில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். பேலன்ஸ் பூஜ்யம் ஆனதும் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள், அதுவரை ஏறிய வட்டி அடுத்த பிடித்தத் தேதியில்தான் வரும். அதற்குள் கணக்கைக் காலி செய்துவிட்டால் அந்தச் சிறு தொகை மறுபடி மைனஸாகும், லிமிட்டும் இல்லாததால் அதற்கு அபராதம் வரலாம். கொஞ்சம் பணம் விட்டுவைத்து, கடைசி வட்டி போனதும் லிமிட்டை முழுக்க ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். லிமிட் சும்மா இருந்தாலும் வருடத்துக்கு ஒரு புதுப்பிப்புக் கட்டணம் எடுக்கும் வங்கிகள் இருக்கின்றன. அப்புறம் கடனுக்கு ஒதுக்கிய மாதம் 2,000ஐ அதே தேதியில் ஆண்டுக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள், வாரத்தொகையைத் தொட வேண்டாம்.